கார்டு பொருந்துமா, படிக்குமா?

பழைய கேமரா, கையடக்க கேம் கருவி, வாய்ஸ் ரெக்கார்டர் என்று மெமரி கார்டு சம்பந்தமாக வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கே: அப்பாவின் பழைய சோனி சைபர்ஷாட் கேமரா கிடைத்திருக்கிறது. உள்ளே நீளமான, கத்தரிப்பூ நிற மெமரி ஸ்டிக். லேப்டாப்பில் எஸ்டி ஸ்லாட் மட்டும்தான் இருக்கிறது. படங்களை எடுக்க வழி உண்டா? அந்தக் கேமராவைத் தொடர்ந்து பயன்படுத்தவும் ஆசை. – வாசகி, கோவில்பட்டி

ப: படங்களை எடுக்க கார்டு ரீடர் தேவையே இல்லை. கேமராவையே ரீடராக்கிக் கொள்ளுங்கள். பேட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்து, யூஎஸ்பி கேபிளால் கணினியோடு இணையுங்கள். கேமராவின் செட்டப் மெனுவில் 'யூஎஸ்பி கனெக்ட்' என்று ஒரு வரி இருக்கும். அதில் 'பிடிபி' என்றிருந்தால் 'நார்மல்' அல்லது 'மாஸ் ஸ்டோரேஜ்' என்று மாற்றுங்கள். கார்டு ஒரு பென் டிரைவ் போலத் திரையில் வந்துவிடும். படங்கள் உள்ள டிசிஐஎம் ஃபோல்டரை மட்டும் காப்பி செய்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். பழைய சைபர்ஷாட்கள் சிலவற்றில் வீடியோக்கள் அதற்கு வெளியே தனி ஃபோல்டரில் இருக்கும். பிடிபி முறையில் இணைத்தால் அது கண்ணில் படாமலே போகலாம். எனவே கார்டில் உள்ள அத்தனையையும் அப்படியே அள்ளிக்கொள்வதே நல்லது.

கேமராவைத் தொடர்ந்து பயன்படுத்த முடியுமா என்பது அது எந்தத் தலைமுறை என்பதைப் பொறுத்தது. 1998-இல் வந்த முதல் மெமரி ஸ்டிக் 50 மி.மீ. நீளம், 21.5 மி.மீ. அகலம், 2.8 மி.மீ. தடிமன். அதன் உச்சக் கொள்ளளவு 128 எம்பி. அதற்குமேல் போக வழியில்லாததால் ஒரே ஸ்டிக்கில் இரண்டு 128 எம்பி பகுதிகளை வைத்து, முதுகில் ஒரு சுவிட்சைத் தள்ளி மாற்றிக்கொள்ளும் ஸ்டிக்குகளும் விற்றார்கள். 2003-இல் 'மெமரி ஸ்டிக் ப்ரோ' வந்தது. அதன் வடிவம் பழையதுதான், மின்சார மொழிதான் புதிது. அதனால் ப்ரோ ஸ்டிக் பழைய கேமராவின் வாய்க்குள் கச்சிதமாகப் போய் உட்காரும், ஆனால் கேமரா அதைப் படிக்காது.

கேமராவின் உடலிலோ கையேட்டிலோ 'மெமரி ஸ்டிக் ப்ரோ' என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கவலையில்லை. மைக்ரோ எஸ்டி கார்டை ஏற்கும் 'ப்ரோ டியோ' (குட்டையான மெமரி ஸ்டிக்) வடிவ அடாப்டர் ஒன்று, டியோவை முழு அளவு ஸ்டிக்காக்கும் உறை ஒன்று, இரண்டும் போதும். முத்திரை இல்லாவிட்டால் பழைய 128 எம்பி ஸ்டிக்கைத்தான் தேட வேண்டும். புதிதாகக் கிடைக்காது, பயன்படுத்தியதுதான். ஒரு எச்சரிக்கை: டியோ ஸ்டிக்கை உறை இல்லாமல் முழு அளவு ஸ்லாட்டில் நுழைக்காதீர்கள். 31 மி.மீ. நீளமே உள்ள அது உள்ளே போய்ச் சிக்கினால் கேமராவைத் திறக்காமல் வெளியே வராது.

கே: சோனியின் கையடக்க கேம் கருவியான பிஎஸ்பி வாங்கியிருக்கிறேன். இரண்டு மைக்ரோ எஸ்டி போடும் அடாப்டர், ஒன்று போடும் அடாப்டர், எது நல்லது? எத்தனை ஜிபி வரை போடலாம்? – வாசகர், திருச்சி

ப: ஒன்று போடுவதையே வாங்குங்கள். இரட்டை அடாப்டர் உங்கள் தகவலைத் துண்டு துண்டாக்கி இரண்டு கார்டிலும் மாற்றி மாற்றி எழுதுகிறது. ஒரு கார்டைத் தனியாக எடுத்து ரீடரில் போட்டால் எதுவும் படிக்காது. ஒன்று கெட்டால் இரண்டும் கெட்டதாகவே அர்த்தம். இரண்டு சிறிய கார்டு பெரிய கார்டைவிட மலிவாக இருந்த காலத்துக்கான ஏற்பாடு அது.

பிஎஸ்பி ஏற்கும் மெமரி ஸ்டிக் ப்ரோ டியோவின் உச்சம் 32 ஜிபி. அடாப்டரில் 64 ஜிபி, 128 ஜிபி கார்டுகளும் வேலை செய்கின்றன. ஆனால் கார்டில் ஃபைல்களை அடுக்கும் முறைகளில் (ஃபைல் சிஸ்டம்) பிஎஸ்பி-க்கு எக்ஸ்ஃபேட் தெரியாது, ஃபேட்16, ஃபேட்32 மட்டும்தான். 32 ஜிபி-க்கு மேற்பட்ட கார்டுகள் எல்லாமே எக்ஸ்ஃபேட்டில்தான் கடைக்கு வருகின்றன. எனவே கணினியில் ஃபார்மட் செய்யாமல், அடாப்டரை பிஎஸ்பி-யில் போட்டு செட்டிங்ஸ், சிஸ்டம் செட்டிங்ஸ், ஃபார்மட் மெமரி ஸ்டிக் என்று போய் அதையே செய்யச் சொல்லுங்கள். அதன்பின் பழைய ஸ்டிக்கிலிருந்து 'பிஎஸ்பி' ஃபோல்டரை முழுதாகக் காப்பி செய்யுங்கள். சேமித்த ஆட்டங்கள் அதற்குள் 'சேவ்டேட்டா'வில் இருக்கும்.

கார்டு பெரிதாகப் பெரிதாக ஆட்டம் சேமிக்கும் திரை திறக்கத் தாமதமாகும். மீதி இடம் எவ்வளவு என்று ஃபேட்32 அட்டவணையை முழுக்க எண்ணிப் பார்ப்பதால் வரும் தாமதம் அது, பழுதில்லை. 32 ஜிபி தாராளம். வி30, வி60 என்று வேகத்துக்குக் காசு கொடுக்காதீர்கள், பிஎஸ்பி-யின் ஸ்லாட் அந்த வேகத்தைத் தொடாது.

வாங்கும்போது அடாப்டரின் ஓரங்களை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். டியோவின் தடிமன் 1.6 மி.மீ., உள்ளே போகும் மைக்ரோ எஸ்டி 1 மி.மீ. மேலும் கீழும் சேர்த்து மிஞ்சுவது 0.6 மி.மீ. பிளாஸ்டிக்தான். ஒட்டு பிரிந்து உதடு தூக்கிய அடாப்டர் ஸ்லாட்டின் பின்களை வளைத்துவிடும்.

கே: ஒலிம்பஸ் கேமராவின் எக்ஸ்டி கார்டு 'கார்டு எரர்' காட்டுகிறது. கணினியில் போட்டால் 'ஃபார்மட் செய்யவா' என்கிறது. மகளின் குழந்தைப் பருவப் படங்கள் அதில் இருக்கின்றன. – வாசகர், யாழ்ப்பாணம்

ப: முதலில் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டுக் கார்டை வெளியே எடுங்கள். கேமராவிலும் புதிதாக எதையும் எடுக்காதீர்கள்.

எக்ஸ்டி என்பது 2002-இல் ஒலிம்பஸும் ஃபியூஜிஃபிலிமும் சேர்ந்து கொண்டுவந்த கார்டு. எஸ்டி, மெமரி ஸ்டிக், காம்பாக்ட் ஃபிளாஷ் எல்லாவற்றிலும் சிப்போடு ஒரு கன்ட்ரோலரும் உள்ளேயே இருக்கும். எந்த இடத்தில் எழுதுவது, கெட்டுப்போன கட்டங்களை எப்படி ஒதுக்குவது என்பதை அது பார்த்துக்கொள்ளும். எக்ஸ்டி-யில் அது கிடையாது, வெறும் ஃபிளாஷ் சிப்தான். அந்தக் கணக்கையெல்லாம் கேமராவோ ரீடரோதான் பார்க்க வேண்டும். கார்டை மெல்லியதாகச் செய்ய உதவிய இதே அமைப்புதான் தொல்லைக்கும் காரணம். கேமராவும் ரீடரும் கணக்கைக் கொஞ்சம் வேறு மாதிரி புரிந்துகொண்டாலே கார்டு குழம்பிவிடும். அதனால்தான் எக்ஸ்டி கார்டைக் கணினியில் ஃபார்மட் செய்யவே கூடாது என்பார்கள்.

இப்போது செய்ய வேண்டியது: கார்டின் முதுகில் உள்ள தங்க நிறப் பட்டைகளை 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட, நூல் பிரியாத துணியால் ஒரே திசையில் துடையுங்கள். ரப்பரால் தேய்ப்பது முலாமை உரித்துவிடும். கார்டில் 'எம்', 'எம்+' அல்லது 'எச்' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். 2005-க்கு முந்தைய ரீடர்கள் பல, டைப் எம் கார்டைச் சரியாகப் படிப்பதில்லை. உங்கள் சிக்கல் அங்கேகூட இருக்கலாம். வேறு ரீடர் ஒன்றில், முடிந்தால் வேறு ஒலிம்பஸ் கேமரா ஒன்றில், போட்டுப் பாருங்கள்.

அப்போதும் திறக்காவிட்டால் முதலில் முழுக் கார்டையும் ஒரே இமேஜ் ஃபைலாக, அதாவது அச்சு அசலான நகலாக, எடுங்கள். விண்டோஸில் வின்32 டிஸ்க் இமேஜர், லினக்ஸில் டிடிரெஸ்க்யூ. எக்ஸ்டி-யின் உச்சமே 2 ஜிபி என்பதால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பிறகு ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை அந்த இமேஜ் மீது ஓட்டுங்கள், கார்டின் மீது வேண்டாம். ஃபைல் அட்டவணை அழிந்திருந்தாலும் ஜேபெக் படங்களின் தொடக்கக் குறியீட்டை வைத்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்கும். ஃபைல் பெயர்கள் போய்விடும், படங்கள் கிடைக்கும். படம் எடுத்த தேதி பெரும்பாலும் படத்துக்குள்ளேயே இருக்கும். ரீடர் கார்டின் கொள்ளளவைக்கூடச் சொல்லவில்லை, சுழியம் காட்டுகிறது என்றால் மென்பொருளால் பயனில்லை. சிப்பிலிருந்து நேரடியாகப் படிக்கும் ஆய்வகத்திடம்தான் போக வேண்டும்.

எக்ஸ்டி-க்குள் மைக்ரோ எஸ்டி போடும் அடாப்டர் ஒன்றை ஒலிம்பஸ் தந்தது. அதன் பின்னாளைய சில மாடல்களில் மட்டுமே வேலை செய்யும், ஃபியூஜி கேமராக்களில் செய்யாது.

கே: ஆளுக்கொரு கார்டு என்று நிறுவனங்கள் ஏன் இப்படிச் செய்தன? எஸ்டி கார்டுதான் இருந்ததே? – மாணவர், மதுரை

ப: மெமரி ஸ்டிக் வந்தபோது எஸ்டி இல்லை. காம்பாக்ட் ஃபிளாஷ் (1994), ஸ்மார்ட் மீடியா (1995), மல்டிமீடியா கார்டு (1997) ஆகியவையே களத்தில் இருந்தன. மட்சுஷிதா, தோஷிபா, சான்டிஸ்க் மூன்றும் சேர்ந்து எஸ்டி-யை அறிவித்தது 1999-இல். கேமரா, வாக்மேன், வயோ லேப்டாப் என்று எல்லாவற்றையும் தானே செய்த சோனிக்கு, தன் பொருள்களுக்குள் சுற்றிவரும் ஒரு கார்டு வேண்டும் என்று தோன்றியதில் தப்புச் சொல்ல முடியாது. 2006-இல்கூட எம்2 என்று இன்னொரு குட்டி ஸ்டிக்கைக் கொண்டுவந்ததுதான் பிடிவாதம். 2010 ஜனவரியில் எஸ்டி கார்டு தயாரிப்பை அறிவித்துச் சோனியே இறங்கி வந்தது.

பிரிண்டரை மலிவாக விற்று மையில் காசு பார்ப்பது போன்ற வியாபாரம்தான் இதன் அடிப்படை. பிஎஸ்பி-க்கு அடுத்து வந்த சோனியின் கையடக்க கேம் கருவி பிஎஸ் வீட்டா அதற்கு நல்ல சாட்சி. 2011 டிசம்பரில் ஜப்பானில் வந்த அந்தக் கருவிக்கு மெமரி ஸ்டிக்கும் சேராது, எஸ்டி-யும் சேராது. வீட்டாவுக்கென்றே தனிக் கார்டு, அதைப் படிக்கும் கணினி ரீடர் எதுவும் விற்பனைக்கு வரவில்லை. அமெரிக்காவில் 32 ஜிபி வீட்டா கார்டின் ஆரம்ப விலை 100 டாலர். பிஎஸ்பி-யில் திருட்டு ஆட்டங்கள் பெருகியதால் எடுத்த பாதுகாப்பு ஏற்பாடு என்று நியாயம் சொல்லலாம். அந்தப் பூட்டையும் பிறகு உடைத்துவிட்டார்கள். அபராதம் கட்டியது காசு கொடுத்து ஆட்டம் வாங்கியவர்கள்தான்.

எஸ்டி-யும் முழுக்கப் பொதுச் சொத்தல்ல. தயாரிப்பவர் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். முழு விவரக்குறிப்பு உறுப்பினர்களுக்கு மட்டும், மற்றவர்களுக்குச் சுருக்கப் பதிப்பு. 2009-இல் அறிவித்த எஸ்டிஎக்ஸ்சி (32 ஜிபி-க்கு மேற்பட்ட எஸ்டி) கார்டுக்கு எக்ஸ்ஃபேட்டைக் கட்டாயமாக்கினார்கள். அது மைக்ரோசாஃப்டின் உடைமை, அதன் விவரக்குறிப்பு வெளியானது 2019-இல்தான். பத்து ஆண்டுகள் ஒரு பொதுத் தரத்தின் வயிற்றுக்குள் ஒரு தனியார் ஃபார்மட் உட்கார்ந்திருந்தது. ஆனாலும் எஸ்டி-யைப் பல நிறுவனங்கள் போட்டி போட்டுச் செய்தன, விலை இறங்கியது. வாங்குகிறவருக்கு அதுவே போதும்.

கே: வீட்டா செகண்ட்ஹேண்டில் கார்டு இல்லாமல் கிடைக்கிறது. வாங்கலாமா? – வாசகர், கோலாலம்பூர்

ப: கார்டின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள். 2000 வரிசை மாடல் என்றால் உள்ளே 1 ஜிபி இருக்கிறது, ஆட்டக் கார்டில் விற்கும் ஆட்டங்களின் சேமிப்புகளுக்குப் போதும். 1000 வரிசையில் ஆட்டங்களுக்கான அந்த இடம் இல்லை. எம்2 கார்டை 'வீட்டா கார்டு' என்று விற்பவர்கள் உண்டு. பார்க்க ஒன்றுபோல இருக்கும், பொருந்தாது. பழைய வீட்டா கார்டு இன்னொருவரின் கணக்கோடு கட்டியிருக்கும், ஃபார்மட் செய்துதான் பயன்படுத்த முடியும். ஆட்டக் கார்டு ஸ்லாட்டில் மைக்ரோ எஸ்டி போடும் அடாப்டர்கள் எல்லாமே மாற்று ஃபர்ம்வேர் (கருவியை இயக்கும் அடிப்படை மென்பொருள்) போட்டால்தான் இயங்கும். அதில் தவறு நேர்ந்தால் கருவியே எழாது. போட்ட பிறகு கார்டில் வாங்கிய ஆட்டங்களை அந்த ஸ்லாட்டில் போட இடமும் இருக்காது.

கே: போன் தண்ணீரில் விழுந்து இறந்துவிட்டது. மைக்ரோ எஸ்டி கார்டு நன்றாக இருக்கிறது, ஆனால் எந்தப் போனிலும் கணினியிலும் படிக்கவில்லை. – வாசகி, சேலம்

ப: கார்டைக் கணினியில் போட்டு டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து பாருங்கள். 16 எம்பி-யில் ஒரு சிறு பகுதியும், மீதி முழுக்க ஒரே பெரிய பகுதியும் தெரிகிறதா? அப்படியென்றால் கார்டைப் போனில் போட்ட அன்று 'இன்டர்னல் ஸ்டோரேஜாகப் பயன்படுத்து' என்பதைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். ஆண்ட்ராய்டு 6-இல் (2015) வந்த வசதி இது. கார்டு பொதுத் தரம்தான், உள்ளே எழுதியது அந்த ஒரு போனுக்கு மட்டும் புரியும் மறைக்குறி. சாவி கார்டில் இல்லை, போனின் உள் நினைவகத்தில் இருக்கிறது.

எனவே மீட்க வேண்டியது போனைத்தான். கார்டு மீட்பு மென்பொருளுக்குக் காசு கட்டாதீர்கள், எதையும் கண்டுபிடிக்காது. போர்டு உயிரோடு இருந்து திரை மட்டும் போயிருந்தால் திரையை மாற்றி, கார்டைப் போட்டு, படங்களைக் கணினிக்கு எடுத்துக்கொண்டு, பிறகு 'போர்ட்டபிள்' ஆக ஃபார்மட் செய்யுங்கள். சர்வீஸ் கடைக்காரரிடம் 'ஃபேக்டரி ரீசெட் கூடாது' என்று எழுதியே கொடுங்கள். ரீசெட் ஆன நொடியில் சாவி அழிந்துவிடும். போர்டே போயிருந்தால் அந்தப் படங்களும் போயின.

கே: நாட்டுப்புறப் பாடல்கள் பதிவு செய்கிறேன். பழைய டிஜிட்டல் ரெக்கார்டரில் உள்ளவை டிஎஸ்எஸ், டிவிஎஃப் ஃபைல்கள். இனி எந்த ஃபார்மட்டில் பதிவது? – ஆய்வாளர், தஞ்சாவூர்

ப: டிஎஸ்எஸ் என்பது ஒலிம்பஸ், பிலிப்ஸ், கிரண்டிக் கொண்டுவந்த டிக்டேஷன் ஃபார்மட். டிவிஎஃப் சோனியுடையது. இரண்டும் பேச்சைச் சுருக்கி வைக்கப் பிறந்தவை, பாட்டுக்கு உதவாதவை. அந்தந்த நிறுவனத்தின் மென்பொருள் ஓடும் பழைய கணினி இருக்கும்போதே எல்லாவற்றையும் டபிள்யூஏவி (சுருக்காத ஒலி ஃபைல்) ஆக மாற்றிவிடுங்கள். டிஎஸ்எஸ்-இன் எஸ்பி முறைப் பதிவுகளை எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள் இலவசமாகவே மாற்றும். மூல ஃபைல்களையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

இனிமேல் டபிள்யூஏவி, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஸ்டீரியோவில் நிமிடத்துக்கு 17 எம்பி, மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபி. 32 ஜிபி கார்டில் 30 மணி நேரம் பிடிக்கும். பல ரெக்கார்டர்கள் 2 ஜிபி ஆனதும், அதாவது இரண்டு மணி நேரம் தாண்டியதும், தானாக அடுத்த ஃபைலைத் தொடங்கும். கூத்து இரவு முழுக்க நடந்தால் நான்கைந்து ஃபைல்கள் வரும், பயப்பட வேண்டாம்.

பதிவு நடக்கும்போதே பேட்டரி தீர்ந்தால் ஃபைல் 0 நொடி என்று காட்டலாம். ஒலி உள்ளே இருக்கும், எவ்வளவு நீளம் என்பது தலைப்பகுதியில் எழுதப்படாமல் நின்றிருக்கும், அவ்வளவுதான். ஆடாசிட்டியில் இம்போர்ட், ரா டேட்டா என்று போய் 24 பிட் பிசிஎம், லிட்டில் எண்டியன், 2 சேனல், 48000 என்று கொடுங்கள். ஒரே இரைச்சலாகக் கேட்டால் தொடக்க ஆஃப்செட்டை ஒவ்வொரு பைட்டாக 1, 2 என்று கூட்டிப் பாருங்கள். 24 பிட்டில் ஒரு பைட் இடறினாலும் இரைச்சல்தான் வரும். ஃபைல் அளவே 0 பைட் என்று காட்டினால் இந்த வழி பலிக்காது, கார்டின் மீது மீட்பு மென்பொருளை ஓட்ட வேண்டும்.

கே: நின்டென்டோ 3டிஎஸ்-இல் 128 ஜிபி கார்டு ஏறவில்லை. ஸ்விட்ச் 2-இலும் என் பழைய மைக்ரோ எஸ்டி ஏறவில்லை. இரண்டுக்கும் ஒரே காரணமா? – வாசகர், சிங்கப்பூர்

ப: இல்லை. 3டிஎஸ்-இல் ஃபைல் சிஸ்டம்தான் தடை. கார்டை ஃபேட்32 ஆக மாற்றினால் ஏறும். விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் திரை 32 ஜிபி-க்கு மேல் ஃபேட்32 தராது என்பதால் ரூஃபஸ் போன்ற கருவி வேண்டும். 

ஸ்விட்ச் 2-இல் தடை மின்னணுவியலில் இருக்கிறது. ஆட்டங்களை வைக்க மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் கார்டு மட்டுமே ஏற்கும். வெளித் தோற்றம் அதேதான், பின்பக்கம் இரண்டாவது வரிசைப் பின்கள் இருக்கும், பேசுவது பிசிஐஇ என்ற வேறு, வேகமான மின்சார மொழி. முகப்பில் 'இஎக்ஸ்' என்ற எழுத்து இருக்கிறதா பாருங்கள். பழைய கார்டால் ஆகக்கூடியது, முந்தைய ஸ்விட்ச்சில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்களையும் வீடியோக்களையும் புதியதற்குக் கொண்டுவருவது மட்டும்தான்.

கே: ஆன்லைனில் வாங்கிய 64 ஜிபி கார்டு 59.6 ஜிபி என்றுதான் காட்டுகிறது. போலியா? – வாசகர், கோவை

ப: அதை வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. போலிக் கார்டு சரியான அளவைத்தான் காட்டும், அதற்காகவே அதன் கன்ட்ரோலரை மாற்றி எழுதியிருப்பார்கள். உள்ளே 8 ஜிபி சிப் இருக்கும், 64 என்று சொல்லும். எட்டைத் தாண்டிய பிறகும் ஃபைல் பெயர்கள் வரிசையாகத் தெரியும். படத்தைத் திறந்தால் மேல் பாதி படம், கீழ்ப் பாதி சாம்பல் நிறம்.

விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக் மற்றும் லினக்ஸில் எஃப்3 என்ற இலவச மென்பொருள்கள் கார்டை முழுக்க எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும். காலிக் கார்டில் மட்டும் ஓட்டுங்கள். நொடிக்கு 20 எம்பி எழுதும் கார்டானால் 64 ஜிபி எழுதவே 53 நிமிடம், படிக்க அதற்கு மேல் கொஞ்சம். மெமரி ஸ்டிக் ப்ரோ டியோ வாங்கினால் இந்தச் சோதனை இன்னும் அவசியம், சந்தையில் போலி மிகுதி. பொருளைத் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் சோதித்துவிடுங்கள்.